கைப்பை வைத்து இடம் பிடித்தவள்

ஜெர்மனிக்கு நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. வேவு பார்க்கப் போனேன்.

என் மகள் வர்ஷாவுக்கு லைப்சிக் நகரத்தில் படிக்க இடம் கிடைத்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வந்ததும் அனுப்பினால் போதும், ஆனால் வருகிறாயா இல்லையா என்பதை மட்டும் மாதக் கடைசிக்குள் சொல்லிவிடு என்று கடிதம் வந்தது. வர்ஷா அதைப் படித்துவிட்டு வீடு முழுக்கக் குதித்தாள். என் கணவர் சேகர் குதிக்கவில்லை. அவர் இங்கே அபுதாபி பக்கம் ருவைஸில் ஒரு ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளர். எது எங்கே எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பதுதான் அவருக்கு வேலை. வீட்டிலும் அதையே செய்வார்.

அன்றிலிருந்து அவருடைய கைபேசியில் ஜெர்மனி வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. ரயில் நிலையத்தில் கத்திக்குத்து. கடைத்தெருவில் வழிப்பறி. ட்ராமில் பெண்ணிடம் வம்பு. ஷிப்ட் நண்பர்கள் ஆளுக்கொரு வீடியோவாக அனுப்பினார்கள். அதிகம் அனுப்பியவர் ராஜன், எங்கள் எதிர் பிளாக். அவர் அனுப்பியதில் ஒன்று லைப்சிக்கிலேயே இருக்கும் ஒரு தெருவைப் பற்றியது. திகில் படத்து இசையோடு, ‘இங்கே தனியாகப் போகாதீர்கள்’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

“நம்ம ஊர்ல காரை ஆன்ல விட்டுட்டு கடைக்குள்ள போறோம். ஒருத்தன் தொடுறானா? இதை விட்டுட்டு அங்க கொண்டுபோய்த் தள்ளணுமா அவளை?” என்றார் சேகர்.

“வீடியோவைப் பாத்து முடிவு பண்ண வேண்டாங்க. நான் போய்ப் பாத்துட்டு வரேன். நான் வேண்டாம்னா வேண்டாம். சரின்னா சரி. சம்மதமா?” என்றேன்.

அவருக்கு ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் நேரம், லீவு கிடையாது. வர்ஷாவுக்குப் பரீட்சை. இருபது வருடத்தில் அபுதாபிக்குக்கூடத் தனியாகப் போகாத இவள், ரெண்டே நாளில் அலறிக்கொண்டு திரும்புவாள் என்று நினைத்துத்தான் அவர் சம்மதித்தார். எனக்கு அது தெரியும். தெரிந்ததால்தான் பெட்டியை அன்றைக்கே எடுத்து வைத்தேன்.

முதல் நாள் லைப்சிக் என்னை ஒழுங்காகவே மிரட்டியது. ரயில் நிலைய வாசலில் நாலைந்து பேர் காலை ஒன்பது மணிக்கே பீர் பாட்டிலோடு நின்றார்கள். ஒருவன் எதிரில் யாருமே இல்லாமல் யாரையோ திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தான். சுவர்களில் எல்லாம் கிறுக்கல். ருவைஸில் ஒரு சுவரில் கோடு விழுந்தால் மறுநாள் அது வெள்ளையாகியிருக்கும். ஒரு பெரியவர் குப்பைத்தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான் பெட்டியை இழுத்துக்கொண்டு சாலையின் அந்தப் பக்கம் போனேன். அவரும் அந்தப் பக்கமே வந்தார். வந்தவர் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டு காலை வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்குள் கையை விட்டார். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு தருவார்களாம். அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொன்னது தேன்மொழி. மதுரைப் பெண், அங்கே இரண்டாம் வருடம் படிக்கிறாள். தோழியின் தோழி வழியாகப் பிடித்த தொடர்பு. அவளுடைய மாணவர் விடுதியிலேயே எனக்கு விருந்தினர் அறை கிடைத்தது. நான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

“உண்மையைச் சொல்லும்மா. இந்த ஊர்ல பயம் உண்டா இல்லையா?”

“உண்டு ஆன்ட்டி,” என்றாள், பட்டென்று. “இல்லைன்னு சொன்னா பொய்யி. ட்ராம்ல குடிச்சவன் பக்கத்துல வந்து உக்காந்தா நான் எந்திரிச்சு டிரைவர் பக்கமாப் போயிருவேன். ஒருதடவை ஒருத்தன் ‘உன் நாட்டுக்குப் போ’ன்னு கத்துனான். ரெண்டு நாள் வெளிய போகவே பிடிக்கல. சைக்கிள் ஒண்ணு களவு போச்சு. ஆனா ஊருக்குத் திரும்பிரலாம்னு இதுவரைக்கும் தோணல.”

எனக்கு அவளைப் பிடித்துப்போனது. பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இரண்டாம் நாள் ட்ராமில் எனக்கே ஒரு வம்பு வந்தது. டிக்கெட் வாங்கினேன். ஆனால் வண்டிக்குள் இருக்கும் சின்னப் பெட்டியில் அதை நுழைத்து முத்திரை குத்த வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? பக்கத்தில் நின்ற ஜீன்ஸ் போட்ட ஆள் திடீரென்று ஓர் அட்டையை நீட்டி டிக்கெட்டைக் காட்டு என்றான். திருடன் என்றே நினைத்துவிட்டேன். “எதுக்குக் காட்டணும்? நீ யாரு?” என்று தமிழிலேயே கத்தினேன். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எதிர் இருக்கையில் இருந்த வயதான பெண்மணி சிரித்துக்கொண்டே அவனிடம் ஏதோ சொன்னார். ‘புது ஊரில் ஒரு பெண் அந்நியனிடம் எதையும் காட்டாமல் இருப்பது நல்ல பழக்கம்தான், விடு’ என்றாராம். பின்சீட்டு மாணவன் ஆங்கிலத்தில் சொன்னான். பரிசோதகர் என் டிக்கெட்டை அவரே குத்திக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

சாப்பாடுதான் பாடாய்ப் படுத்தியது. உருளைக்கிழங்கு சூப் என்று வாங்கினால் அடியில் இறைச்சித் துண்டு மிதந்து வரும். ரொட்டியும் வெண்ணெயும் ஆப்பிளுமாக ஓட்டினேன்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. அதை எப்படிச் சொன்னாலும் முட்டாள்தனம் என்னுடையதுதான், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

பகல் பதினொன்றரை மணி. பளபளவென்று இருந்த ஒரு கடைத்தொகுதிக்குள் ஒரு பெரிய காபிக்கடை. தேன்மொழி பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நல்ல கூட்டம். சன்னல் ஓரம் ஒரு மேசை காலியானது. நான் என்ன செய்தேன்? இருபது வருடமாக அபுதாபியிலும் ருவைஸிலும் எந்த மாலுக்குப் போனாலும் செய்வதைச் செய்தேன். கைப்பையை மேசைமேல் வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசையில் போய் நின்றேன்.

வளைகுடாவில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்கே மேசைமேல் கைப்பை இருந்தால் இடத்துக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். கைபேசி இருந்தாலும் அதே அர்த்தம். கார் சாவியை வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பத்து நிமிடம் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும்.

தட்டோடு திரும்பினேன். மேசை இருந்தது. பை இல்லை.

எனக்குப் பதற்றமே வரவில்லை. இதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கடை ஊழியர் யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள், வந்து கொடுப்பார்கள் என்று நினைத்து உட்கார்ந்து காபியைக் குடித்தேன். ஆப்பிள் கேக்கையும் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. தேன்மொழி வந்தபோது வாயைத் துடைத்துக்கொண்டு, “என் பையை எடுத்து வெச்சிருக்காங்க, கேட்டு வாங்கிக் குடும்மா,” என்றேன்.

அவள் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது.

கைபேசி, பர்ஸ், எமிரேட்ஸ் அடையாள அட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் அதில் போனது. பாஸ்போர்ட் விடுதி அலமாரியில் இருந்தது. அந்த மட்டுக்கும் என் குலதெய்வம் விழித்திருந்தது.

காவல் நிலையத்தில் புகாரை எழுதிக்கொண்டவள் இளம்பெண். தேன்மொழிதான் மொழிபெயர்த்தாள்.

“பையை மேசையில் வைத்தீர்கள். பிறகு?”

“வரிசைக்குப் போனேன்.”

“பை இல்லாமலா?”

“ஆமாம்.”

“ஏன்?”

“இடம் பிடிக்க.”

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கைக்குட்டையோ குடையோ வைத்திருக்கலாமே? எந்த ஊர் உங்களுக்கு?”

சொன்னேன். அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். “அப்படி ஒரு ஊரில் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்,” என்றாள். “ஆனால் அங்கிருந்து எங்கே போனாலும் கஷ்டம்தான்.” கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு நகல் கொடுத்தாள். கிடைப்பது கடினம் என்றும் ஒளிக்காமல் சொன்னாள்.

‘எங்கே போனாலும் கஷ்டம்தான்’ என்ற அந்த ஒரு வாக்கியம் என்னைச் சும்மா விடவில்லை. நான் பிறந்தது திருச்சி. சத்திரம் பேருந்து நிலையத்தில் கூட்டத்துக்குள் ஏறும்போது கையில் ஊக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஏறியவள். எவன் உரசப் போகிறான் என்று முதுகாலேயே தெரிந்துகொள்ளும் கல்லூரிப் பெண்ணாக இருந்தவள். ருவைஸ் நல்ல ஊர்தான், அதைக் குறை சொன்னால் என் வாய் வெந்துவிடும். ஆனால் அந்தப் பெண் எங்கே போய்விட்டாள்? எனக்காவது ஒரு காலத்தில் தெரிந்திருந்தது. வர்ஷாவுக்கு எதுவுமே தெரியாது. அவள் தனியாக ஒரு பேருந்தில் ஏறியதில்லை. காரை விட்டு இறங்கினால் மால், மாலை விட்டு வெளியே வந்தால் கார். பதினெட்டு வயதுப் பெண்ணை இப்படி வளர்த்து வைத்துவிட்டு, ஆபத்து ஜெர்மனியில் இருக்கிறது என்று நாங்கள் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

தேன்மொழியின் கைபேசியிலிருந்து வீட்டுக்குப் பேசினேன். எடுத்தது வர்ஷா. கேட்டதும் அழுதுவிட்டாள்.

“அம்மா, ப்ளீஸ், அப்பாட்ட சொல்லாத. போன் தண்ணில விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. நீ மட்டும் சொன்னன்னா என் அட்மிஷன் காலி. ஐ பெக் யூ, ம்மா.”

அவள் சொன்னது முழுக்க உண்மை. நான் வாயைத் திறந்தால் அவள் படிப்பு அங்கேயே முடிந்தது. சேகரிடம், “போன் போச்சுங்க, நான் நல்லா இருக்கேன், மத்ததை நேர்ல சொல்றேன்,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்று விடுதி அறையில் படுத்தபடி யாரென்றே தெரியாத அந்தத் திருடனை வாய்க்கு வந்தபடி வைதேன். பிறகு என்னை வைதேன். பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பியது. ஒருவன் என் பையை எடுத்தான் என்பதற்காக மீதி மூன்று நாளும் நான் இந்த அறைக்குள் உட்கார வேண்டுமா? பையோடு சேர்த்து என் கால்களையும் அவன் எடுத்துக்கொண்டு போனானா?

நான்காம் நாள் காலை, ராஜன் அனுப்பிய வீடியோவில் இருந்த அந்தத் தெருவுக்கே போனேன். தேன்மொழிக்கு வகுப்பு. வேண்டாம் என்றாள், நான் கேட்கவில்லை. அவள் கொடுத்த துணிப்பையைக் குறுக்கே மாட்டி, முன்பக்கம் இழுத்துவிட்டு, ஒரு கையை அதன்மேலேயே வைத்துக்கொண்டு ட்ராமில் ஏறினேன். டிக்கெட்டில் முத்திரையும் குத்தினேன்.

தெருவில் இறங்கியதும் முதலில் காதில் விழுந்தது அரபி. இருபுறமும் காய்கறிக் கடைகள், முடிவெட்டும் கடைகள், ஷவர்மா சுற்றும் வாசனை. மூலையில் சில இளைஞர்கள் சும்மா நின்றார்கள். அவர்களுடைய பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, பையை இறுக்கிக்கொண்டேன். ஒரு போலீஸ் வண்டி மெதுவாகப் போனது. வீடியோவில் காட்டியதில் பொய் இல்லை. ஆனால் பள்ளிக்கூடப் பையோடு போன பெண்பிள்ளைகளையும், கறிவேப்பிலை ஒன்று மட்டுமே இல்லாத அந்தக் காய்கறிக் கடைகளையும் வீடியோவில் காட்டவில்லை.

ஒரு ரொட்டிக்கடையில் மனாகிஷ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஊர் அடை அகலத்தில் ரொட்டி, மேலே எள்ளும் காட்டுச்செடிப் பொடியும் எண்ணெயும். ருவைஸில் வாராவாரம் நாங்கள் வாங்குவது. நான்கு நாள் பட்டினிக்காரி எனக்குத் தெரிந்த கடைவீதி அரபியில் கேட்டேன். கல்லாவில் இருந்த ரீமா என்ற சிரியாக்காரப் பெண்மணி கண்ணை விரித்தார். பொட்டு வைத்த ஒருத்தி அரபி பேசி அவர் பார்த்ததில்லையாம். தேநீர் கொடுத்து உட்கார வைத்தார். நானும் உடைந்த அரபியில் முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். நான் காபியைக் குடித்துக்கொண்டு பைக்காகக் காத்திருந்த கட்டம் வந்ததும் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, முந்தின நாளிலிருந்து முதல்முறையாக.

“எனக்கும் போச்சு,” என்றார் ரீமா. “வந்த முதல் மாசம். நெஞ்சோட அணைச்சுக்கிட்டு மூணு நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுவந்த பை. இங்க சந்தையில வெங்காயம் பொறுக்கக் கீழ வெச்சேன். காணோம்.”

“அப்புறம் என்ன செஞ்சீங்க?”

“அழுதேன். மறுநாள் திரும்பவும் போனேன். வீட்டில வெங்காயம் இல்லையே.”

இரண்டு மனாகிஷைக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்று சண்டை போட்டார். நானும் சண்டை போட்டு, தேன்மொழி தந்திருந்த காசை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள் கல்லூரியைப் போய்ப் பார்த்தேன். நூலகத்தில் கால் நீட்டி உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகளைப் பார்த்தபோது, வர்ஷாவை மனதுக்குள் அங்கே நிறுத்திப் பார்க்கத் தோன்றியது. நின்றாள், பொருத்தமாகவே இருந்தது.

நான் ருவைஸ் திரும்பிய அன்று மாலையே ராஜன் வந்துவிட்டார். ஜெர்மனி எப்படி என்று கேட்க வந்தாராம். வர்ஷா சமையலறை வாசலில் நின்று கண்ணாலேயே கெஞ்சினாள். நான் சேகருக்கு எதிரே உட்கார்ந்து, மேசைமேல் பையை வைத்ததிலிருந்து கேக்கைச் சாப்பிட்டு முடித்தது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“நான் அப்பவே சொன்னேன்ல சேகர்?” என்றார் ராஜன், பரீட்சையில் பாஸானவர் மாதிரி. “எல்லாம் வெளிநாட்டுலேர்ந்து வந்த கும்பல். அதுங்களை உள்ள விட்ட பலன்.”

“யார் எடுத்தான்னு நான் பாக்கல, போலீஸ்காரியும் பாக்கல. இங்க உக்காந்துக்கிட்டு நீங்க பாத்துட்டீங்களா ராஜன்?” என்றேன். “வெளிநாட்டுலேர்ந்து வந்தவங்கன்னா, நாம இங்க எங்கேர்ந்து வந்தோம்?”

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஷிப்ட் இருக்கிறது என்று எழுந்து போனார். கதவு சாத்தியதும் வர்ஷா வெடித்தாள்.

“ஏம்மா சொன்ன? நான்தான் சொல்லாதன்னு கெஞ்சினேன்ல?”

“பொய் சொல்லி உன்னை அனுப்பினா, நாளைக்கு அங்க உனக்கு ஒண்ணுன்னா நீயும் எங்கிட்ட பொய்தான் சொல்லுவ. அது எனக்கு வேண்டாம்டி.”

ராஜன் வைத்துவிட்டுப் போன டீக்கோப்பையைச் சேகர் ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார்: “எல்லாத்தையும் பாத்துட்டுத்தானே வந்திருக்க. என்ன சொல்ற?”

“போகட்டுங்கிறேன்.”

“அங்க அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?”

“சொல்லுவேன்,” என்றேன். “இங்கயே பத்திரமா வெச்சிருந்து, அவ வாழ்க்கையில எதுவுமே நடக்காமப் போச்சுன்னா, அதுக்கு நீங்க பதில் சொல்லுவீங்களா?”

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை அவரே வர்ஷாவைக் கூப்பிட்டு, வருகிறேன் என்று கடிதம் போடச் சொன்னார். நான் மட்டும் ஒரு நிபந்தனை போட்டேன். கிளம்பும் வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தனியாகப் பேருந்தில் அபுதாபி போய் வர வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். டிக்கெட், இறங்குமிடம், திரும்பும் வண்டி எல்லாம் அவள் பொறுப்பு. பாதுகாப்பான ஊர்தானே, பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

முதல் சனிக்கிழமை இருவரும் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் கொண்டுவந்து விட்டோம். அவள் ஏறினாள். வண்டி நகர்ந்தது. சேகர் காரில் உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினார்.

“பின்னாடியே போறேன். அவளுக்குத் தெரியவே தெரியாது. இன்னைக்கு ஒருநாள் மட்டும், மாலதி.”

நான் பக்கத்து இருக்கையிலிருந்து கையை நீட்டி எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டேன்.

“சாவியைக் குடு.” அவர் குரல் உடைந்திருந்தது. பேருந்து ரவுண்டானாவைச் சுற்றி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சாவியைக் கொடுக்கவில்லை.